துணி பழசுதான், உழைப்பு பழசா?

என் அக்கா மகள் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். சில மாதங்களுக்கு முன் அவளுடைய பள்ளியில் ஒரு கண்காட்சி நடந்தது. தூக்கிப்போடும் பொருள்களிலிருந்து கைவினைப் பொருள் செய்ய வேண்டும் என்பது போட்டி. காலனிப் பிள்ளைகளைக் கூப்பிட்டு, பாட்டில், அட்டைப்பெட்டி, பழைய பேப்பர், துண்டுத்துணி எல்லாம் சேகரித்துவரச் சொன்னார்கள். ஊர்த்தெருப் பிள்ளைகளிடம் பசையும் கத்தரிக்கோலும் வண்ணமும் கொடுத்தார்கள். யாரும் சாதிப் பெயரைச் சொல்லிப் பிரிக்கவில்லை. “உங்களுக்குத்தான் எங்க கிடைக்கும்னு தெரியும்” என்று சிரித்த முகத்தோடு சொல்லித்தான் அனுப்பினார்களாம்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தவள் பையைக்கூட இறக்காமல் கேட்டாள்: “மாமா, நாங்க பொறுக்கினு வந்தோம், அவங்க செஞ்சாங்க. சர்ட்டிபிகேட் செஞ்சவங்களுக்கு மட்டும்தானாம். எனக்கும் செய்யத் தெரியும்னு அவங்களுக்கு ஏன் தெரியல?”

எனக்கு உடனே பதில் வரவில்லை. உள்ளே உட்கார்ந்திருந்த என் அம்மா மட்டும், “செய்யத் தெரியாமயா இந்த வூட்டுல இருக்குற?” என்றார்.

அவர் சொன்னது உண்மை. எங்கள் வீட்டில் கடையில் வாங்கிய பொருளைவிட, பிறர் கழித்த பொருளில் அம்மா செய்ததுதான் அதிகம். வாசலில் கிடக்கும் கால்மிதி, கிழிந்த சேலைகளைக் கீறி, சடைபோல் பின்னி, சுற்றித் தைத்தது. நாங்கள் குழந்தைகளாக இருந்தபோது தூங்கிய தூளி பழைய சேலை. குளிருக்குப் போர்த்திக்கொண்டது, நாலைந்து சேலைகளை அடுக்கி ஓட்டுத்தையல் போட்ட போர்வை. சந்தைக்கு எடுத்துப்போகும் கூடை, சரக்குப் பெட்டிகளைக் கட்டி வரும் பிளாஸ்டிக் பட்டையில் பின்னியது. அப்பா காட்டுக்குப் போட்டுப்போனது டயர் செருப்பு. லாரி டயரை அறுத்து அடி வைத்து, டியூபில் வார் போட்டது. முள் ஏறாது, மூன்று வருடம் உழைக்கும்.

இவற்றில் என் அம்மாவின் கைக்குப் பெயர் வாங்கித் தந்தது காகிதக்கூழ் கூடை. பழைய செய்தித்தாளைக் கிழித்து மூன்று நாள் தண்ணீரில் ஊறப்போட வேண்டும். தினமும் தண்ணீர் மாற்ற வேண்டும். பிறகு பிழிந்து, ஊறவைத்த வெந்தயத்தோடு சேர்த்து உரலில் இடிக்க வேண்டும். வெந்தயம் கூழைப் பிடித்துக்கொள்ளும், பூச்சியும் அண்டாது. கவிழ்த்த குடத்தின்மேல் துணியைப் போர்த்தி, கூழை ஒரே கனத்தில் அப்பி, வெயிலில் காயவைத்து, நுணுக்கமாகக் குடத்திலிருந்து கழற்ற வேண்டும். கொஞ்சம் அவசரப்பட்டால் விளிம்பு பிளந்துவிடும். தண்ணீர் மட்டும் ஆகாது. மற்றபடி வடகம், வற்றல், பயறு என்று எதைப் போட்டு வைத்தாலும் வருடக்கணக்கில் கெடாமல் இருக்கும். இதை எந்தப் புத்தகமும் அவருக்குச் சொல்லித் தரவில்லை. அவருடைய அம்மா இடித்ததைப் பார்த்து இவர் இடித்தார்.

இன்று நகரத்தில் இதற்கு ‘மறுபயன்பாட்டுக் கலை’ என்று பெயர். பழைய சேலையில் தைத்த பை கண்ணாடி அலமாரியில் தொங்குகிறது. சுற்றுச்சூழலைக் காக்கும் பொருள் என்று அட்டை கட்டி விற்கிறார்கள். நல்லதுதான். குப்பைமேடு குறைந்தால் அதில் முதலில் நன்மை அடைவது குப்பைமேட்டை ஒட்டிக் குடியிருக்கும் நம் மக்கள்தான். ஆனால், ஒரே வேலை ஒருவர் கையில் கலையாகவும் இன்னொருவர் கையில் கதியற்ற தன்மையாகவும் எப்படித் தெரிகிறது? எட்டாம் வகுப்புப் பிள்ளை கேட்டதும் இதைத்தான்.

இந்தக் கைத்திறன் எங்கிருந்து வந்தது என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். நம் பாட்டிமார்கள் சுற்றுச்சூழல் அக்கறையால் பழந்துணியைத் தைக்கவில்லை. புதுத்துணி வாங்கக் காசில்லை. காசு இருந்த சிலருக்கும் அதை உடுத்த உரிமையில்லை. 1930 டிசம்பரில் அன்றைய இராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிக்கச் சாதியினர் ஆதிதிராவிடர்கள்மீது எட்டுத் தடைகளை விதித்தார்கள். பொன், வெள்ளி நகை அணியக் கூடாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழ் துணி உடுத்தக் கூடாது. பெண்கள் மேலாடை போடக் கூடாது. வீட்டில் மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் புழங்கக் கூடாது. மீறியவர்களின் குடிசைகள் கொளுத்தப்பட்டன. அடுத்த ஆண்டில் தடைகள் பதினொன்றாக உயர்ந்தன. ஒரு வீட்டில் என்ன பாத்திரம் இருக்கலாம் என்பதைக்கூட அடுத்தவர் தீர்மானித்த காலம் அது. அப்படிப்பட்ட வீடுகளில் இருந்தவர்கள், கிடைத்த கந்தலைக்கொண்டு பிள்ளைக்குக் கதகதப்பான போர்வை செய்தார்கள். வறுமையைப் பாராட்ட வேண்டாம். வறுமைக்குள்ளும் அழகாகத் தைத்த அந்தக் கையைப் பாராட்டாமல் இருக்கவும் முடியாது.

இதேபோன்ற கைகளின் கதை கடல் கடந்தும் உண்டு. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஆறு வளைந்து மூன்று பக்கமும் சூழ்ந்த ஒரு சிற்றூர், ஜீஸ் பெண்ட். அங்கே வாழ்பவர்களில் பெரும்பாலோர், அதே மண்ணின் பருத்திப் பண்ணையில் அடிமைகளாக இருந்த கறுப்பின மக்களின் வழித்தோன்றல்கள். ஊர்ப்பெண்கள் கிழிந்த வேலைத்துணி, மாவு மூட்டைச் சாக்கு, துணி ஆலைத் துண்டு எல்லாவற்றையும் ஒட்டுப்போட்டுப் போர்வை தைத்தார்கள். பலகைச் சுவர் இடுக்கில் புகும் குளிருக்கு அதுதான் காப்பு. மிசௌரி பெட்வே என்ற பெண், 1942-ல் கணவர் இறந்தபின் அவருடைய உழவு வேலைத் துணிகளையே வெட்டி ஒரு போர்வை தைத்தார். முழங்கால் தேய்ந்த தடமும் சாயம் போன நீலமும் அதில் இன்றும் தெரிகின்றன.

அந்த மக்கள் வாக்குரிமை கேட்டு ஆற்றைக் கடந்து அக்கரை நகருக்குப் போகத் தொடங்கியதும், 1962-ல் படகுப் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. மறுபடி படகு ஓடியது 2006-ல்தான். இடையில் 1966-ல் அந்தப் பகுதிப் பெண்கள் போர்வை தைக்கும் கூட்டுறவு ஒன்றைத் தொடங்கினார்கள். 2002-ல் ஹூஸ்டன் நகர அருங்காட்சியகத்திலும், அதே ஆண்டில் நியூயார்க் நகரின் விட்னி அருங்காட்சியகத்திலும் அந்தப் போர்வைகள் ஓவியங்களைப்போலச் சுவரில் மாட்டப்பட்டன. 2006-ல் அமெரிக்க அஞ்சல் துறை அவற்றை அஞ்சல்தலைகளாக வெளியிட்டது.

கதை இங்கே முடிந்திருந்தால் இனிப்பாக இருக்கும். முடியவில்லை. 2007-ல் அந்தப் பெண்களில் சிலர் நீதிமன்றம் போனார்கள். தங்கள் போர்வைகளாலும் அவற்றின் வடிவங்களாலும் பிறருக்கு வந்த வருமானத்தில் தங்களுக்கு உரிய பங்கு வரவில்லை என்பது அவர்களுடைய குற்றச்சாட்டு. வழக்கு பின்னர் சமரசத்தில் முடிந்தது. நாம் பார்க்க வேண்டியது ஒன்றுதான். கைதட்டல் கிடைத்த இடத்திலும் கணக்கு கேட்க வேண்டியிருந்தது. புகழ் தானாக வந்தாலும் கூலி தானாக வராது.

நம் சந்தைக்கு வருவோம். என் அம்மா பின்னும் கால்மிதி ஒன்றுக்குப் பழைய சேலை இரண்டு வேண்டும். கீறிப் பின்னித் தைத்து முடிக்க ஐந்து மணி நேரம் ஆகிறது. வாரச்சந்தையில் நூறு ரூபாய் என்று சொல்லி வைத்தால், எடுத்துப் புரட்டிப் பார்ப்பவர்கள் எல்லோரும் ஒரே வார்த்தைதான் சொல்கிறார்கள்: “ஏம்மா, பழைய துணிதானே, இதுக்குப் போயி இவ்ளோ சொல்றியே?” கடைசியில் அறுபதுக்குப் போகும்.

இப்போது கணக்கு போடுங்கள். நூறு நாள் வேலைக்கு 2025-26-ல் தமிழ்நாட்டுக்கு அறிவிக்கப்பட்ட நாள்கூலி 336 ரூபாய். எட்டு மணி நேரத்துக்கு வகுத்தால் மணிக்கு 42 ரூபாய். ஐந்து மணி நேரத்துக்கு 210 ரூபாய். நூல், ஊசி, பஸ் செலவு தனி. அரசே அறிவித்த அடிமட்டக் கூலியை வைத்துப் பார்த்தாலும், அறுபது ரூபாய்க்கு விற்கும் ஒவ்வொரு கால்மிதியிலும் என் அம்மா 150 ரூபாயை வாங்குபவருக்குத் தானமாகக் கொடுத்துவிட்டு வருகிறார். தானம் வாங்கிப் போகிறவர் பேரம் பேசி ஜெயித்த சந்தோஷத்தில் போகிறார்.

எங்கே பிசகுகிறது? வாங்குபவர் துணிக்குத்தான் விலை போடுகிறார். துணி பழசு, அதனால் விலை இல்லை என்று நினைக்கிறார். ஐந்து மணி நேரம் குனிந்து உட்கார்ந்த முதுகும் ஊசி குத்திய விரலும் அவர் கணக்கில் வருவதில்லை. விற்பவரும் அதைக் கணக்கில் சேர்ப்பதில்லை என்பது அதைவிடக் கொடுமை. “சும்மா வூட்டுல இருக்கும்போது செஞ்சதுதானே” என்று என் அம்மாவே சொல்வார். காலையில் களையெடுத்து, மாலையில் ஆட்டுக்குத் தழை ஒடித்து, இரவு விளக்கடியில் பின்னியதுதான் அந்தச் ‘சும்மா’.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு உண்டு. நம் இளைஞர்களே அதை எழுப்புகிறார்கள். “பழசையும் கழிவையும் நம் தலையில் கட்டியதுதானே சாதி? அதிலிருந்து வெளியே வரத்தானே போராடினோம்? திரும்பவும் அதையே கையிலெடுக்கச் சொல்வதா?” 1927 மார்ச்சில் மகாட் மாநாட்டில், செத்த மாட்டின் இறைச்சியை உண்ணாதீர்கள், பிறர் தரும் மிச்சச் சோற்றை ஏற்காதீர்கள் என்று அண்ணல் அம்பேத்கர் நம் மக்களைக் கேட்டுக்கொண்டார். அந்த வழியில் வந்தவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்காவிட்டால்தான் தவறு.

என் பதில் இது. கூலிக்குப் பதிலாகக் கந்தல் கொடுத்தால் வாங்கக் கூடாது. ஒரு நாள் வேலைக்குப் பழைய சேலை ஈடாகாது. “உங்களுக்குத்தான் பழக்கம்” என்று யாராவது கழிவை நம் பக்கம் தள்ளினால் தொடக் கூடாது. மலக்குழியில் மனிதரை இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்திருக்கிறது. அந்தக் கொடுமையையும் கைவினையையும் யாரும் ஒரே தட்டில் வைக்க விடக் கூடாது. ஆனால், நம் வீட்டுச் சேலையை நாமே எடுத்து, அல்லது காசு கொடுத்துத் திருப்பூர் பனியன் வெட்டுத்துணியை எடைக்கு வாங்கி, நம் விருப்பத்தில் ஒரு பொருள் செய்து, நாம் வைக்கும் விலைக்கு விற்றால் அதில் இழிவு எங்கே இருக்கிறது? சாதி இழிவு பொருளில் ஒட்டியிருப்பதில்லை. யார் கட்டளையிடுகிறார், யார் மறுக்க முடிகிறது, யாருக்குக் காசு போகிறது என்பதில் இருக்கிறது.

மும்பையில் ஓவியர் சுதீர் ராஜ்பர் செய்த காரியம் இந்த இடத்தில் நினைவுக்கு வருகிறது. 2015-ல் மகாராஷ்டிரத்தில் மாட்டிறைச்சித் தடை கடுமையானபோது, தாராவியின் தோல் தொழிலாளர்கள் பலருக்கு வேலை போனது. அவர்களோடு சேர்ந்து, தோலுக்குப் பதிலாக ரப்பர் கழிவிலிருந்து மறுசுழற்சி செய்த தகட்டில் பைகள் செய்யும் நிறுவனத்தை அவர் தொடங்கினார். அதற்கு வைத்த பெயர் ‘சமார் ஸ்டுடியோ’. வட இந்தியாவில் வசைச்சொல்லாக வீசப்படும் சாதிப் பெயர் அது. இழிவுபடுத்தும் நோக்கத்தோடு அந்தப் பெயரைச் சொல்லி அழைப்பது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் குற்றமாகலாம் என்று உச்ச நீதிமன்றம் 2008-ல் சொல்லியிருக்கிறது. அதே பெயரைச் செய்பவர்களே பொருளின்மேல் பொறித்து விற்கும்போது அர்த்தம் மாறுகிறது. எங்கள் அப்பா போட்ட டயர் செருப்பும் அந்தப் பையும் ஒரே வகைக் கழிவிலிருந்து வந்தவை. ஒன்றில் செய்தவர் பெயர் இல்லை, மற்றதில் இருக்கிறது.

கைத்தொழில் என்றாலே தமிழ்நாட்டில் இன்னோர் அச்சமும் எழும். அது வீண் அச்சமில்லை. 1953-ல் அன்றைய முதல்வர் ராஜாஜி, கிராமப் பள்ளிகளில் அரை நாள் படிப்பு, மீதி நேரம் குடும்பத் தொழில் என்று ஒரு திட்டம் கொண்டுவந்தார். குலக்கல்வி என்று மக்கள் எதிர்த்தார்கள். 1954-ல் காமராசர் முதல்வரானதும் அது கைவிடப்பட்டது. 2023-ல் ஒன்றிய அரசு கொண்டுவந்த விஸ்வகர்மா திட்டம் குடும்பத் தொழிலில் இருப்பவர்களுக்கு 18 வயதிலேயே கடன் தந்தபோதும் தமிழ்நாட்டில் அதே எதிர்ப்பு எழுந்தது. கல்லூரிக்குப் போக வேண்டிய வயதில் பிள்ளையைத் தகப்பன் தொழிலில் கட்டிப்போடும் என்பதுதான் காரணம். அதற்கு மாற்றாக மாநில அரசு 2025-ல் தொடங்கிய கலைஞர் கைவினைத் திட்டம், குறைந்தபட்ச வயதை 35 என வைத்தது. சாதியையோ குடும்பத் தொழிலையோ அது நிபந்தனையாக வைக்கவில்லை. 25 வகைத் தொழில்களுக்கு 3 லட்சம் ரூபாய் வரை கடனும், அதில் 25 விழுக்காடு, அதிகபட்சம் 50,000 ரூபாய், மானியமும் உண்டு என்று அறிவித்தது. விவரம் மாவட்டத் தொழில் மையத்தில் கேட்கலாம். கைத்தொழில் செய்யும் தாய்க்குக் கடன் கிடைக்கட்டும். அவள் பிள்ளை பள்ளிக்குப் போகட்டும். விருப்பமிருந்தால் விடுமுறையில் அம்மாவிடம் கூடை செய்யவும் கற்றுக்கொள்ளட்டும்.

வீட்டிலிருந்து இந்த வேலை செய்யும் அக்காமார்களுக்கும் தங்கைகளுக்கும் சில வார்த்தைகள். எதை எடுப்பது, எதை விடுவது என்பதில் கண்டிப்பாக இருங்கள். பூச்சிமருந்து டப்பாவைக் கழுவினாலும் அது பூச்சிமருந்து டப்பாதான். அதில் பூந்தொட்டிகூடச் செய்ய வேண்டாம். ஆஸ்பத்திரியிலிருந்து கழிக்கப்பட்ட எந்தப் பொருளும் வீட்டுக்குள் வரக் கூடாது. செம்புக்காக ஒயரை எரிக்காதீர்கள். அந்தப் புகை குழந்தைகளின் நெஞ்சுக்குத்தான் போகும். பழந்துணியைச் சலவைச் சோடா போட்டுக் கொதிக்கவைத்து, நல்ல வெயிலில் காயவைத்த பிறகு கத்தரியுங்கள். காகிதக்கூழை மழைக்காலத்தில் தொடாதீர்கள். காயாமல் பூசணம் பிடிக்கும்.

வேலையைத் தொடங்கும்போது மணியைப் பார்த்து ஒரு நோட்டில் எழுதுங்கள். முடிக்கும்போதும் எழுதுங்கள். பொருளுக்கான விலையை அந்த நோட்டு சொல்லட்டும். தனித்தனியாகச் சந்தையில் உட்கார்ந்தால் ஒருத்தியைக் காட்டி இன்னொருத்தியிடம் விலையை இறக்குவார்கள். குழுவாகச் சேர்ந்து ஒரே விலை வையுங்கள். மகளிர் சுயஉதவிக் குழுக்களுக்கான பூமாலை வணிக வளாகத்திலும் கல்லூரிச் சந்தைகளிலும் இடம் கேளுங்கள். நம் பகுதிக் குழுவுக்கும் முறை வருகிறதா என்று கிராம சபையில் எழுந்து கேட்பதில் தவறே இல்லை. பிளாஸ்டிக் பைகளுக்கு 2019 முதல் தடை இருக்கிறது. மஞ்சப்பைக்குத் திரும்புங்கள் என்று அரசே சொல்கிறது. அந்தப் பையைத் தைக்கும் வாய்ப்பில் காலனிப் பெண்களுக்கும் பங்கு வேண்டும்.

வாங்குபவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை சந்தையில் ஒரு கால்மிதியைக் கையில் எடுக்கும்போது, “பழைய துணிதானே” என்று சொல்வதற்கு முன், “இதைச் செய்ய எவ்வளவு நேரம் ஆச்சும்மா?” என்று கேட்டுப் பாருங்கள். பதிலைக் கேட்டபின் பேரம் பேச உங்களுக்கே மனம் வராது.

ஆசிரியர்களுக்கும் ஒன்று. கண்காட்சி நடத்துங்கள், தடையில்லை. பொறுக்குவதும் செய்வதும் எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுவாக இருக்கட்டும். ஊர்த்தெருப் பிள்ளையின் கையிலும் கொஞ்சம் அழுக்கு ஒட்டட்டும். காலனிப் பிள்ளையின் கையிலும் கொஞ்சம் வண்ணம் ஒட்டட்டும்.

அந்தக் கண்காட்சிக்குப் பிறகு வந்த விடுமுறையில் என் அக்கா மகள் அவள் ஆயாவோடு உட்கார்ந்து ஒரு காகிதக்கூழ் கூடை செய்தாள். முதல் கூடை கழற்றும்போது பிளந்துவிட்டது. இரண்டாவது நின்றது. அடிப்பக்கத்தில் பேனாவால் இரண்டு பெயர்களை எழுதினாள், முதலில் ஆயாவுடையது, அடுத்து அவளுடையது. பக்கத்தில் ‘22 மணி நேரம்’ என்றும் எழுதினாள். அடுத்த வருடக் கண்காட்சிக்கு அதை எடுத்துப்போகப் போகிறாளாம். “பொறுக்கினு வரச் சொன்னா என்ன செய்வ?” என்று கேட்டேன்.

“எல்லாரும் வந்தா நானும் வரேன்னு சொல்லுவேன்” என்றாள்.